கைத்துப்பாக்கியின் கதை – 19: கிளிக்குள் இருந்த உயிர்

போன வாரம் பெரெட்டாவோடு நிறுத்தியிருந்தோம். 1911 முதல் அமெரிக்கச் சிப்பாயின் இடுப்பில் இருந்த கோல்ட் பிஸ்டலை ஓரங்கட்டிவிட்டு, 1985இல் இத்தாலிக்காரர்களின் எம்9 உள்ளே நுழைந்தது. தோற்றுப்போன உள்நாட்டுக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், அரசியல்வாதிகளைப் பிடித்தார்கள். மறுசோதனை வைத்தும் பெரெட்டாவே தேறியது.

அதற்கு வெகுமுன்பு, இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில், 1813ஆம் வருட ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்தோம். கனெக்டிகட்டைச் சேர்ந்த சிமியன் நார்த் அரசாங்கத்துக்கு 20,000 கைத்துப்பாக்கிகள் செய்து தர வேண்டும். அதில் ஒரு துப்பாக்கியின் எந்த உறுப்பைக் கழற்றினாலும், மீதி 19,999இல் எதில் வேண்டுமானாலும் அது பொருந்த வேண்டும்.

உடைந்த இரண்டிலிருந்து உருப்படியாக ஒன்றைத் தேற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய கணக்கு. பிடிக்கப்போகும் கை பெரிதா சிறிதா என்று அந்த ஒப்பந்தத்தில் யாரும் கேட்கவில்லை. இருபதாயிரமும் ஒரே அச்சு. கைகள்தான் அனுசரித்துப்போக வேண்டும்.

கைகள் 200 வருஷம் அனுசரித்தன.

* * *

எம்9இன் பிடிக்குள் 15 தோட்டாக்கள் இரட்டை வரிசையில் நிற்கும். அதனால் பிடி பருமன். அது போதாதென்று முதல் குண்டுக்கு விசை மிகவும் முன்னால் தள்ளி நிற்கும்; இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். இரண்டாவது குண்டிலிருந்து அதே விசை பின்னால் வந்து லேசாகிவிடும்.

உள்ளங்கை சிறியதாக உள்ள ஒருவர் அதைப் பிடித்தால் என்ன ஆகும்? விரல் நுனிதான் விசையைத் தொடும். இன்னும் கொஞ்சம் எட்ட வேண்டுமென்றால் பிடியைச் சுற்றிக் கையை நகர்த்த வேண்டும். நகர்த்தினால் துப்பாக்கியின் பின்பக்கம் உள்ளங்கையின் நடுவிலிருந்து விலகிக் கட்டைவிரல் மூட்டில் போய் உட்காரும். சுட்டதும் உதை அங்கே இறங்கும். குழல் ஒரு பக்கமாக எகிறும். பயிற்சி மைதானத்தில் மதிப்பெண் குறையும். குறை சிப்பாயின் பெயரில் எழுதப்படும்.

ராணுவத்தில் பெண்கள் பெருகப் பெருக இந்தப் புகாரும் பெருகியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் அதைக் கோப்புக்குள்ளிருந்து வெளியே இழுத்துவந்தன.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பாதி விடை ஏற்கனவே இருந்தது. 1990களின் பிற்பாதியில் ஜெர்மனியின் வால்தர் கம்பெனி பி99 என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. பிடியின் பின்பட்டையை மட்டும் கழற்றி, வேறு அளவில் ஒன்றை மாட்டலாம். மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. ஆனால் மாறுவது முதுகுப் பட்டை மட்டும். பிடியின் சுற்றளவு, நீளம், குழலின் நீளம் எல்லாம் அப்படியே.

பிடியையே மாற்றிவிட்டால் என்ன? தொழில்நுட்பம் தடையாக இல்லை. சட்டம் தடையாக இருந்தது.

* * *

1968. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் இரண்டு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்ட வருஷம். அந்த அக்டோபரில் அதிபர் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தயாரிப்பாளர் ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு சீரியல் எண்ணைப் பொறிக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான விதிகளில் ஒன்று.

எதில் பொறிப்பது? குழலிலா, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடிலா, விசையிலா? எல்லாமே கழலக்கூடியவை, நார்த் காலத்திலிருந்தே அதற்காகத்தானே பாடுபட்டார்கள். கழற்றி மாட்டக்கூடிய ஒரு சாமானில் எது துப்பாக்கி, எது வெறும் உதிரி என்று சட்டம் எங்காவது கோடு போட்டாக வேண்டும்.

பாட்டி கதையில் அரக்கனை வெட்டினாலும் சாக மாட்டான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கூண்டுக்குள் கிளி இருக்கும். அவன் உயிர் அதற்குள். அமெரிக்கச் சட்டமும் துப்பாக்கிக்கு அப்படி ஒரு கிளியைத் தேர்ந்தெடுத்தது: சட்டகம். எல்லா உறுப்பும் வந்து பொருந்துகிற அந்த உடற்பகுதிதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. எண் அதில் இருக்க வேண்டும். அதை விற்கத்தான் லைசென்ஸ், அதை வாங்கத்தான் பின்னணி விசாரணை. மற்றதெல்லாம் தபாலில் வரும் சாமான்.

வழக்கமான பிஸ்டலில் சட்டகமும் பிடியும் ஒரே துண்டு. ஆகவே பிடி பிடிக்கவில்லை என்றால் புதுத் துப்பாக்கிதான் வாங்க வேண்டும்.

அப்படியானால் கிளியைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டால்?

* * *

இந்த யோசனைக்கு ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. அது அமெரிக்காவில் நடக்கவில்லை.

1930ஐ ஒட்டி சோவியத் ரஷ்யாவின் தூலா நகரத்தில் ஃபியோதர் டோக்கரெவ் ஒரு பிஸ்டலை வடிவமைத்தார். ஜான் பிரவுனிங்கின் வேலைப்பாட்டைப் பெரும்பாலும் பின்பற்றிய துப்பாக்கி. ஆனால் ஓரிடத்தில் டோக்கரெவ் தன் புத்தியைக் காட்டினார். சுத்தி, அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, ஸ்பிரிங் ஆகியவற்றைச் சட்டகத்துக்குள் தனித்தனியாக ஆணியடித்து வைக்காமல், ஒரே கட்டாகச் சேர்த்தார். ஸ்லைடைக் கழற்றினால் அந்தக் கட்டு முழுதாக மேலே வந்துவிடும். துடைக்கலாம், கெட்டுப்போனால் வேறொன்று மாட்டலாம்.

அதே பத்தாண்டில் பிரான்சின் அல்சாஸ் பகுதியில், சார்ல் பெத்தர் என்ற ஸ்விஸ்காரர் பிரெஞ்சு ராணுவத்துக்குச் செய்த 1935 மாடலிலும் இதே ஏற்பாடு. பெத்தரின் வடிவமைப்பைப் பயன்படுத்தும் உரிமத்தை 1937இல் ஒரு ஸ்விஸ் கம்பெனி விலைக்கு வாங்கியது. ரைன் அருவிக்குப் பக்கத்தில் நொய்ஹவுசன் ஊரில் இருந்த அந்தக் கம்பெனியின் பெயர் சிக். அதிலிருந்து பிறந்து, 1949இல் ஸ்விஸ் ராணுவம் ஏற்றுக்கொண்ட பி210 பிஸ்டலைத் துப்பாக்கி ரசிகர்கள் இன்றும் பயபக்தியோடு பேசுவார்கள். அதிலும் சுத்திக்கட்டு ஒரே கையடக்கமாக வெளியே வரும்.

சிக் என்ற பெயரை நினைவில் வையுங்கள்.

டோக்கரெவுக்கும் பெத்தருக்கும் கழற்றி மாட்டுவது பழுது பார்ப்பவரின் வசதிக்காக. சுடுகிறவரின் வசதிக்கு அதைத் திருப்பலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அவர்கள் காலத்துச் சட்டகம் கடைந்தெடுத்த எஃகு. பிடிக்காத பிடியை மாற்றுவதற்காக யாரும் இன்னொரு எஃகுச் சட்டகம் செய்ய மாட்டார்கள்.

பிளாஸ்டிக் வர வேண்டியிருந்தது.

வந்தது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் 17இன் சட்டகம் வார்த்தெடுத்த பிளாஸ்டிக். ஆனால் அதற்குள்ளும் இரும்பு ஒளிந்திருந்தது. ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தைப் பிளாஸ்டிக்கில் செய்தால் தேய்ந்துவிடும். எனவே சின்ன எஃகுத் துண்டுகளை வார்ப்புக்குள் பதித்தார்கள். சீரியல் எண் பொறிக்கவும் தனியாக ஒரு உலோகத் தகட்டைப் பதித்தார்கள். பிளாஸ்டிக் துப்பாக்கி என்று ஊர் பேசிய சாமானுக்குள் ஆங்காங்கே சிதறிக் கிடந்த இரும்பு.

அந்த இரும்பையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, ஒரே பெட்டியாக்கி, அதில் எண்ணையும் பொறித்துவிட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெறும் உறை. ஆஸ்திரியாவின் ஸ்டையர் கம்பெனி 1999 வாக்கில் இந்தப் பாதையில் பாதி தூரம் போனது. முழு தூரம் போனது சிக் என்ற பெயரைச் சுமந்த துப்பாக்கிக் கம்பெனி.

* * *

2007இல் வந்த சிக்கின் பி250ஐ மேஜை மேல் வைத்துப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஸ்லைடும் குழலும் கழலும். அடுத்து பக்கவாட்டில் உள்ள ஒரு நெம்புகோலைத் திருப்பி உருவினால், பிடிக்குள்ளிருந்து ஒரு எஃகுச் சட்டகம் மேலே கிளம்பும். தீப்பெட்டியைவிட நீளம், அதைவிட ஒல்லி. அடியில் விசை தொங்கும். மேல் விளிம்பில் ஸ்லைடு ஓடும் தண்டவாளம். உள்ளே சுத்தியும் மெல்லிய ஸ்பிரிங்குகளும். பக்கத்தில் சீரியல் எண்.

சட்டப்படி அதுதான் துப்பாக்கி. கீழே மிஞ்சிக் கிடக்கும் பெரிய சாமானைப் பார்த்தால் பிஸ்டல் மாதிரியே இருக்கும். ஆனால் அது வெறும் கூடு. அதில் எண் கிடையாது. உள்ளே உள்ள எண் தெரிவதற்காக வலதுபக்கம் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் வெட்டியிருப்பார்கள்.

சிறிய கைக்கு ஒரு கூடு, பெரிய கைக்கு ஒரு கூடு. சட்டைக்குள் மறைத்து வைக்கக் குட்டைக் குழல், இடுப்பில் தொங்கவிட நீளக் குழல். கம்பெனி ஒரு கட்டத்தில் ஒரே பெட்டியில் முழு அளவு பிஸ்டலையும், அதைவிடச் சின்ன பிஸ்டலுக்கான உதிரிகளையும் சேர்த்தே விற்றது. உடல் இரண்டு, உயிர் ஒன்று. காகிதவேலையும் ஒருமுறைதான்.

இவ்வளவு சாமர்த்தியமான துப்பாக்கி கடையில் தூங்கியது.

காரணம் சின்னது. பி250இன் விசை ஒவ்வொரு குண்டுக்கும் நீளமாக இழுபடும். க்ளாக்கின் குட்டையான இழுப்புக்குப் பழகிய விரல்களுக்கு அது ருசிக்கவில்லை. ஐரோப்பாவில் நெதர்லாந்து போலீஸ் இதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் தயாராகி வந்தவை கேட்ட தரத்தில் இல்லை என்று 2011இல் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு வால்தரிடம் போனது. ஒரு வடிவமைப்பாளரின் வாழ்நாள் யோசனையை விரலின் பழக்கம் தோற்கடிக்கும். இந்தத் தொழிலில் அது புதிதல்ல. சென்ற வாரங்களில் நிறையப் பார்த்துவிட்டோம்.

கம்பெனி யோசனையைக் கைவிடவில்லை. 2014 ஜனவரியில் அதே எலும்புக்கூட்டின் மேல் பி320ஐக் கட்டியது. சுத்தி போய்விட்டது. அதற்குப் பதில் ஸ்லைடுக்குள் ஓடும் ஸ்டிரைக்கர் ஊசி.

இந்த மாற்றத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பி250இல் விசையை இழுக்கும்போதுதான் சுத்தி எழுந்து விழும். பி320இல் ஸ்டிரைக்கரின் ஸ்பிரிங் முன்கூட்டியே அழுத்தப்பட்டு ஒரு சின்னக் கொக்கியில் நிற்கிறது. விசை அந்தக் கொக்கியை விலக்கினால் போதும். அதனால்தான் இழுப்பு குட்டையானது, இனிமையானது. தற்செயலாக ஊசி முன்னால் போகாமல் தடுக்க ஸ்லைடுக்குள் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டைத் திறப்பதும் விசையின் வேலைதான். ஆக, எல்லாமே விசை நகர்கிறதா இல்லையா என்பதில் போய் முடிகிறது.

இதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் இழுக்காமல் விசை நகருமா என்ன?

* * *

2015 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க ராணுவம் எம்9க்கு மாற்றாக டெண்டர் விட்டது. ராணுவத்துக்கு மட்டும் 2,80,000 முழு அளவு பிஸ்டல்கள், 7,000 சிறிய பிஸ்டல்கள். மற்ற படைகளும் சேர்ந்தால் இன்னும் 2,12,000. திட்டத்தின் பெயரிலேயே உறுப்பு மாற்றும் வசதி இடம்பெற்றிருந்தது. துப்பாக்கி கைக்குப் பொருந்த வேண்டும் என்பதை அரசாங்கமே நிபந்தனையாக எழுதியது.

எழுதியதில் அளவுதான் மீறிப்போயிற்று. டெண்டர் ஆவணம் 350 பக்கத்துக்கு மேல். செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதை வீண்செலவுப் பட்டியலில் சேர்த்து அறிக்கை விட்டார். 2016 மார்ச்சில் ராணுவத் தலைமைத் தளபதி மார்க் மில்லி பொதுமேடையிலேயே பொரிந்து தள்ளினார். நிலாவுக்கா போகிறோம், இது ஒரு பிஸ்டல் என்றார். சோதனைக்கு மட்டும் இரண்டு வருஷமும் 1.7 கோடி டாலருமா? அந்தப் பணத்தை என்னிடம் கொடுங்கள். வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குப் போன் போட்டு இன்றிரவே வாங்கிவிடுகிறேன், மொத்தமாக எடுப்பதால் தள்ளுபடியும் கேட்பேன் என்கிற தோரணையில் பேசினார். சபை சிரித்தது.

தளபதியின் எரிச்சல் நியாயம்தான். ஆனால் சோதனையைச் சுருக்கச் சொல்லும் எரிச்சலுக்கு ஒரு விலை உண்டு.

போட்டிக்கு க்ளாக், சிக், பெரெட்டா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்று பெரிய பெயர்கள் வந்தன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2016 செப்டம்பரிலேயே வெளியேறியது. 2017 ஜனவரி 19, ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாள், முடிவு வந்தது. பி320இன் ராணுவ வடிவத்துக்குப் பத்து வருஷ ஒப்பந்தம். 58 கோடி டாலர் வரை.

க்ளாக் எதிர்த்து மனுப் போட்டது. முதல் சுற்றுச் சோதனையோடு நிறுத்திவிட்டு வெற்றியாளரை அறிவித்தது தவறு, முழுச் சோதனையையும் நடத்தியிருக்க வேண்டும் என்பது அதன் வாதம். அரசுக் கணக்காய்வு அலுவலகம் ஜூன் 5 அன்று மனுவைத் தள்ளியது. விலை வித்தியாசம் அந்தத் தீர்ப்பில் பளிச்சென்று தெரிந்தது: சிக்கின் மொத்த விலை சுமார் 16.9 கோடி டாலர், க்ளாக்கினுடையது சுமார் 27.2 கோடி. பத்துக் கோடி டாலர் குறைவாகக் கேட்டவரை விட்டுவிட்டு இன்னும் ஒரு வருஷம் சோதனை நடத்த எந்த அதிகாரிக்கு மனம் வரும்?

முழு அளவுக்கு எம்17 என்றும் சிறியதற்கு எம்18 என்றும் பெயர் வைத்தார்கள். வெளியே இன்னும் பெரிய கொண்டாட்டம். ராணுவமே எடுத்துவிட்டது என்றதும் கடைகளில் பி320 பறந்தது. அதற்கான உதிரி செய்வது தனித் தொழிலாகவே வளர்ந்தது. ஒரு கம்பெனியின் கூடு, இன்னொன்றின் ஸ்லைடு, மூன்றாவதின் குழல், நான்காவதின் விசை. கடைசியில் சிக்கின் பங்காக மிஞ்சுவது அந்த எஃகுச் சட்டகம் மட்டும். பிற்பாடு கம்பெனியே அதை மட்டும் தனியாக விற்கவும் தொடங்கியது.

நார்த்தின் இருபதாயிரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்த கலை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாத லட்சக்கணக்கான பிஸ்டல்களில் வந்து நின்றது. முதலாவது இல்லாமல் இரண்டாவது சாத்தியமே இல்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். மயிரிழை பிசகாமல் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

* * *

2017 ஆகஸ்ட்.

மாதத்தின் முதல் வாரத்தில் கனெக்டிகட்டில் ஒரு போலீஸ்காரர் வழக்குத் தொடுத்தார். அவருடைய பி320 உறையோடு கீழே விழுந்து வெடித்து, குண்டு அவர் காலிலேயே பாய்ந்திருந்தது. டல்லஸ் நகரப் போலீஸ் தன் ஆட்கள் பி320 வைத்திருப்பதை நிறுத்திவைத்தது. ஒரு துப்பாக்கிக் கடையினர் தாங்களே சோதித்துப் படம்பிடித்து வெளியிட்டார்கள்.

எப்படி விழுந்தாலும் வெடிக்கவில்லை. ஸ்லைடின் பின்பக்க மூலை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தரையில் மோத வேண்டும். அப்போது மட்டும்.

நடந்தது இதுதான். துப்பாக்கி தரையில் மோதி நின்றுவிடுகிறது. விசை நிற்கவில்லை. அதன் சொந்தக் கனத்தில், விழுந்த வேகத்திலேயே, இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறது. விரல் செய்ய வேண்டிய வேலையை எடை செய்துவிடுகிறது. கொக்கி விலகுகிறது, பூட்டும் திறக்கிறது.

விசையின் எடை சில கிராம்தான்.

ஆகஸ்ட் 8 அன்று கம்பெனி அறிவித்தது: அமெரிக்கத் தரநிர்ணயங்கள் எல்லாவற்றிலும் பி320 தேறியிருக்கிறது, இருந்தாலும் விரும்புகிறவர்களுக்கு இலவசமாக மேம்படுத்தித் தருகிறோம். விசை, கொக்கி, ஸ்டிரைக்கர் மூன்றும் இலகுவாகும். கூடுதலாக ஒரு துண்டிப்பான் வரும். ராணுவத்துக்குப் போகும் துப்பாக்கிகளில் இந்தப் பிரச்சினை கிடையாது.

எந்த உறுப்பையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று விற்ற துப்பாக்கியை, இதற்கு மட்டும் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கூட்டை மாற்றலாம், குழலை மாற்றலாம். இப்போது மாற வேண்டியிருந்தது கிளியே.

அந்த நவம்பரில் கென்டக்கியின் ஃபோர்ட் கேம்பெல் முகாமில் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவு முதல் எம்17களைப் பெற்றுக்கொண்டது. இரண்டே மாதத்தில், 2018 ஜனவரியில், பென்டகனின் சோதனைப் பிரிவு தன் ஆண்டறிக்கையை வெளியிட்டது. நடுவில் ஒரு பத்தி. ராணுவம் நடத்திய விழும் சோதனையிலும் துப்பாக்கி வெடித்திருந்தது. விசைக் கட்டில் இலகுவான உறுப்புகள் வைக்கும்படி கம்பெனிக்கு ராணுவம் உத்தரவிட்டிருந்தது.

ராணுவத் துப்பாக்கியில் பிரச்சினை இல்லாமல் போனதன் கதை அந்தப் பத்தியில் இருந்தது.

* * *

இலகுவான விசையோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வருஷங்களில் வந்த புகார்களில் துப்பாக்கி கீழே விழவே இல்லை. உறைக்குள் இருந்தபோதே, விசையைத் தொடாமலே வெடித்தது என்றார்கள் போலீஸ்காரர்களும் பொதுமக்களும். அப்படி நடக்கவே முடியாது, ஏதோ ஒன்று விசையை இழுத்திருக்கிறது என்பது கம்பெனியின் உறுதியான பதில். பல வழக்குகள் நீதிபதி முன் நிற்காமல் விழுந்தன. 2024 நவம்பரில் பிலடெல்பியா ஜூரி ஒன்று, காயம்பட்ட ஒருவருக்கு 1.1 கோடி டாலர் தரச் சொன்னது.

கூடு ஒருவருடையது, ஸ்லைடு இன்னொருவருடையது, உறை மூன்றாமவருடையது, எண் மட்டும் சிக்குடையது என்று ஒரு பிஸ்டல் சாட்சிப் பொருளாக நீதிமன்ற மேஜைக்கு வந்தால், அதில் எந்த உறுப்பைக் கூண்டில் ஏற்றுவார்கள்?

(தொடரும்)